தாயம் விழாமல் தவிக்கும் பிள்ளைகள்: பலகை விளையாட்டுகள் குறித்து வாசகர் கேள்வி–பதில்

தசரா விடுமுறை நெருங்குகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன விளையாடுவது, எதை வாங்குவது, எதை வீட்டிலேயே செய்துகொள்வது என்று பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

என் மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. நூறு வரை மூச்சுவிடாமல் சொல்வாள். ஆனால் பரமபதம் ஆட உட்கார்ந்தால் காய் நகர்த்தத் தெரியவில்லை. நிற்கும் கட்டத்தையே ‘ஒன்று’ என்று எண்ணுகிறாள். 37-க்கு அடுத்து என்ன என்று கேட்டால் விழிக்கிறாள். எண் கற்றுக்கொடுக்க எந்த போர்டு கேம் நல்லது?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உங்கள் மகள் நூறு வரை சொல்வது பாட்டுப் பாடுவதில் சேர்த்தி. எந்த எண் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எது எதைவிடப் பெரியது என்பது இன்னும் அவள் கைக்கு வரவில்லை. நாலரை வயதில் இது சகஜம்.

பரமபதப் பலகை இந்த வயதுக்குத் தோதாக இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதில் முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்த வரிசை வலமிருந்து இடம் என்று மாறி மாறி ஓடும். 37-க்கு நேர் மேலே பாருங்கள், 44 இருக்கும். 8-க்கு மேலே 13. எந்த ஒழுங்கும் பிள்ளை கண்ணுக்குப் படாது. போதாக்குறைக்குப் பாம்பும் ஏணியும் காயை எங்கெங்கோ தூக்கிப் போடும். விளையாட்டாக அது நன்றாகத்தான் இருக்கும், வைகுண்ட ஏகாதசி இரவுக்கு அதை விட்டால் வேறு ஏது. எண் பழக மட்டும் அது வேண்டாம்.

ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை போதும். சார்ட் பேப்பர் சுமார் 56-க்கு 71 செ.மீ. இருக்கும். நீளவாக்கில் 5 செ.மீ. அகலத்தில் பத்துக் கட்டம் போட்டால் 50 செ.மீ.; இடப்பக்கம் ‘தொடக்கம்’, வலப்பக்கம் ‘முடிவு’ எழுத இடம் மிஞ்சும். பகடைக்குப் பதில் ஒரு பாட்டில் மூடியை எடுத்து ஒரு பக்கம் 1, மறுபக்கம் 2 என்று ஸ்டிக்கர் ஒட்டிச் சுண்டுங்கள். ஆறு முகப் பகடை இங்கே வேண்டாம், மூன்று நாலு உருட்டில் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆடும்போது ஒரே ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: காயை நகர்த்தும்போது கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். 3-இல் நிற்கிறாள், 2 விழுந்தது என்றால் ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்லக் கூடாது. ‘நாலு, அஞ்சு’ என்று சொல்லி வைக்க வேண்டும். நின்ற கட்டத்தையே எண்ணும் பிழையும் இதிலேயே போய்விடும், ஏனென்றால் அடுத்த கட்டத்தின் எண்ணை வாயால் சொல்ல விரல் அங்கே போயே ஆக வேண்டும். அவள் ‘ஒன்று’ என்று ஆரம்பித்தால் தப்பு என்று சொல்லாமல், காயை அவள் கையோடு சேர்த்துப் பிடித்து ‘நாலு’ என்று நீங்களே தொடங்கிவையுங்கள்.

இது ஆராய்ந்து பார்த்த விஷயம். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பங்களின் நான்கு வயதையொட்டிய பிள்ளைகளை இப்படிப்பட்ட 1–10 பலகையில் இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் போல ஆடவைத்தார்கள். எண்களை ஒப்பிடுவதிலும் வரிசையில் இடம் காட்டுவதிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்தது. எண்ணுக்குப் பதில் வெறும் நிறம் போட்ட பலகையில் ஆடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை. வட்டப் பலகையைவிட நேர்வரிசைப் பலகைதான் உதவுகிறது என்றும் பின்னொரு ஆய்வில் கண்டார்கள். ஆக, வேலை செய்வது பலகையில் இருக்கும் நேர்கோடும் வாய்விட்டுச் சொல்லும் எண்ணும்தான்.

பத்து தடுமாறாமல் வந்ததும், மூன்றரை செ.மீ. கட்டமாக 20 வரை ஒரே நீளத்தில் போடுங்கள், 70 செ.மீ. ஆகும், அதே சார்ட்டில் அடங்கும். அதுவும் பழகிய பின் நூறு கட்டம். ஆனால் எல்லா வரிசையும் இடப்பக்கத்திலிருந்தே தொடங்கட்டும். கீழிருந்து மேலே போனால் 37-க்கு மேல் 47, அதற்கு மேல் 57 என்று வரும். பத்துப் பத்தாக ஏறுவதைப் பிள்ளை தானாகவே பார்த்துக் காட்டுவாள். அப்போது பகடையில் 1 முதல் 5 வரை இருக்கலாம். அது வந்த பிறகு கடையில் விற்கும் பரமபதத்தை எடுங்கள்.

வீட்டில் ஆறு வயதுப் பையனுக்கு வாங்கும் விளையாட்டுச் சாமான்களை ஒன்றரை வயதுத் தங்கை வாயில் போட்டுவிடுகிறாள். எந்த அளவுக்கு மேல் பயமில்லை? ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கினால் போதுமா?
– வாசகர், ஜாலஹள்ளி

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 3.17 செ.மீ. அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் சின்னப் பிள்ளை கைக்கு எட்டக் கூடாது. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுருளின் உள்ளட்டைக் குழாய் இருந்தால் அதிலேயே போட்டுப் பாருங்கள். அது இன்னும் கொஞ்சம் அகலமாக, 4 செ.மீ. போல இருப்பதால் பாதுகாப்புப் பக்கம்தான் சாயும். லூடோ காய், சோழி, சாதாரணப் பகடை எல்லாமே அதில் நழுவி விழும். ஆகவே அண்ணன் ஆடுவது மேசை மேல், தங்கை தூங்கும் நேரத்தில். ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணிப் பெட்டியில் போடும் வேலையை அவனிடமே கொடுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கம் ‘16 காய், 2 பகடை’ என்று எழுதி ஒட்டிவிட்டால் ஒன்று குறைந்தாலும் அப்போதே தெரியும்.

பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் அதில் அடக்கம். முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். ஆனால் பெட்டியில் ‘3 வயதுக்கு மேல்’ என்று போட்டிருந்தால், முத்திரை இருந்தாலும் உங்கள் மகளுக்கு அது ஆகாது.

கர்நாடகத்தின் சென்னபட்டணா ஊர் மரச்சாமான்களில் முத்திரை காணோமே என்று பதற வேண்டாம். பதிவு பெற்ற கைவினைஞர்களும் புவிசார் குறியீட்டு உரிமம் பெற்றவர்களும் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றி, தாழை மடலால் மெருகேற்றியது அது. நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள், நீரில் ஊறப்போடாதீர்கள். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உரிந்தால் அது வெறும் பெயிண்ட், திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று அவசியம் சொல்ல வேண்டும். பாட்டி வீட்டுப் பல்லாங்குழியோடு வரும் விதைகளில் குன்றிமணி இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். சிவப்பு உடம்பு, ஒரு முனையில் கறுப்பு. அதிலுள்ள அப்ரின் கடும் நஞ்சு. மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சாடி முழுச் சிவப்பாக, பெரிதாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

மாமியார் ஊரிலிருந்து பித்தளைத் தாயக்கட்டை கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு (7, 5 வயது) ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தாயம் விழாமலே சின்னவன் உட்கார்ந்திருக்கிறான், அழுகிறான், எழுந்து போகிறான். விதியை மாற்றலாமா? மாற்றினால் மாமியார் ஒப்புவாரா என்பது வேறு விஷயம்!
– வாசகி, ராமமூர்த்தி நகர்

மாமியாருக்கு ஒரு கணக்கைக் காட்டுங்கள், ஒப்புவார்.

கட்டை ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்: 1, 2, 3, வெறுமை. இரண்டு கட்டையையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். வெறுமையும் ஒன்றும் சேர்ந்தால் தாயம். அது 16-இல் 2 விதம்தான். அதாவது எட்டு உருட்டுக்கு ஒரு தாயம் என்பது சராசரி. எட்டு உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது முடிவில்லாத காத்திருப்பு. லூடோவில் 6 விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதும் இதே வம்புதான், அங்கே ஆறில் ஒன்று.

மற்ற எண்கள் எத்தனை விதமாக விழும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 3 விழ 4 விதம், 2-க்கும் 4-க்கும் மும்மூன்று, 5-க்கு இரண்டு, 6-க்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12, அதற்கும் ஒன்றே ஒன்று. பெரியவனிடம் 4-க்கு 4 கட்டம் போட்டுக்கொடுத்து, மேலே ஒரு கட்டையின் முகங்கள், பக்கத்தில் மற்றதன் முகங்கள் எழுதி, நடுவில் கூட்டுத்தொகையை நிரப்பச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அப்புறம் ‘உனக்கு 3 வேணும்னா நல்லது, 6 வேணும்னா கஷ்டம்’ என்று அவனே தம்பிக்குச் சொல்வான். எந்தக் காயை எங்கே நிறுத்தினால் வெட்டுப்படும் என்று யோசிக்க ஆரம்பிப்பான்.

சின்னவனுக்காக மாற்ற வேண்டியது இரண்டு. ஐந்து விழுந்தாலும் காய் இறங்கலாம் என்று வையுங்கள்: 16-இல் 4, நாலு உருட்டுக்கு ஒன்று. அதோடு, எல்லோருக்கும் ஒரு காய் முதலிலேயே பலகையில் இருக்கட்டும். ஆறு காய்க்குப் பதில் மூன்று காய் போதும். வெட்டு, மலை (காயை வெட்ட முடியாத கட்டம்), தாயம்-ஐந்து-ஆறு-பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும், அதில்தான் ருசி. கட்டையை வெறுந்தரையில் உருட்டாதீர்கள். டைல்ஸ் விளிம்பு பெயரும், கட்டை சோபாவுக்கு அடியில் போகும். மடித்த ஜமக்காளம் போதும்.

ஐந்து வயதுக்கு இன்னும் எளிது சோழி. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களிடம் சௌகாபாரா என்று கேட்டால் உடனே பலகை போட்டுவிடுவார்கள். 5-க்கு 5 கட்டம், ஆளுக்கு நாலு காய், நாலு சோழி. வாய் மேலே பார்த்து விழும் சோழியை எண்ண வேண்டும். நாலும் மேலே பார்த்தால் 4, நாலும் கவிழ்ந்தால் 8. இந்த இரண்டுக்கும் மறு ஆட்டம். தன் வீட்டுக் கட்டத்திலிருந்து வெளிச்சுற்றை எதிர்க்கடிகாரமாகச் சுற்றி, உள்சுற்றில் கடிகார வாக்கில் திரும்பி, நடுக் கட்டத்துக்குப் போக மொத்தம் 24 அடி. எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டாமல் உள்ளே போகக் கூடாது என்பது பல வீடுகளில் வழக்கம். சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது அதை விட்டுவிடலாம். உள்சுற்றில் திசை மாறும் இடத்தில்தான் எல்லாப் பிள்ளையும் தப்பும். அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

சோழி கிடைக்காவிட்டால் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்து வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம்தானே. சின்னவனுக்கு அந்தத் தேய்க்கிற வேலையே ஒரு மத்தியானம் போகும்.

ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ‘எஜுகேஷனல்’ என்று போட்ட விளையாட்டு வாங்கினோம். கட்டத்தில் காய் வைத்தால் ஒரு கேள்வி அட்டை எடுத்து இந்திய மாநிலங்களின் தலைநகரங்களைச் சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு மேல் யாரும் தொடவில்லை. தவறு எங்கே?
– வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

விளையாட்டில். அது பகடை வைத்த பரீட்சை. பதில் தெரிந்த பிள்ளைக்கு அதில் கற்க ஒன்றுமில்லை, தெரியாத பிள்ளைக்கு அவமானம்தான் மிச்சம். வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அட்டையில் அச்சிட்ட பாடத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஓர் ஆட்டம் இருக்கிறதா? எண்ணுவது, நினைவில் வைப்பது, முன்கூட்டி யோசிப்பது, ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விடுவது என்று ஆடுகிறவர் செய்ய ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். மாநிலங்களின் பெயரும் தலைநகரும் தனித்தனி அட்டையாக வெட்டி, எட்டு ஜோடி மட்டும் கவிழ்த்து வைத்து ஜோடி சேர்க்கும் ஆட்டமாக ஆடலாம். கூடவே ஒரு விடைத்தாள் திறந்தே கிடக்கட்டும், பார்த்துப் பார்த்தே மனசில் பதியும்.

பேத்திக்கு ஆறு வயது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. ல, ள, ழ எல்லாம் ஒன்றுதான் அவளுக்கு. ஆங்கிலத்தில் ஸ்க்ராபிள் இருப்பதுபோல் தமிழில் வீட்டிலேயே செய்ய முடியுமா?
– தாத்தா, அல்சூர்

முடியும். ஆனால் ஸ்க்ராபிளை அப்படியே எடுத்தால் ஓடாது. ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கு 100 வில்லை. தமிழில் 247 எழுத்து; ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லை என்றால் கைக்கு வரும் ஏழு வில்லையில் ஒரு சொல்லும் சேராது. மெய்யைத் தனியாக, கொம்பு, கால், கொக்கியைத் தனியாகச் செய்யலாம் என்று பலரும் தொடங்குவார்கள். உகரத்தில் மாட்டிக்கொள்வார்கள்: கு, சு, து, பு, மு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளையும், ஒட்டுவதற்குப் பொதுவான ஒரு துண்டு கிடையாது. கொ, கோ போன்றவற்றுக்கு எழுத்தின் இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். பலகையே கலைந்துவிடும்.

எளிய வழி, வரிசைக்கு ஒரு வில்லை. ‘க’ என்ற வில்லை க் முதல் கௌ வரை எதுவாகவும் நிற்கும். ‘பட்டம்’ என்பதற்கு ப, ட, ட, ம. ‘அம்மா’வுக்கு அ, ம, ம. ‘பூனை’க்கு ப, ன. வைத்தவர் சொல்லை வாய்விட்டுச் சொல்லி, நோட்டில் சரியான எழுத்தில் எழுத வேண்டும். எழுத்துப் பழக்கம் அந்த நோட்டில்தான் நடக்கும். பேத்தி எழுதத் தடுமாறினால் நீங்கள் எழுதி அவள் பார்த்து எழுதட்டும்.

70 வில்லை போதும். தடித்த அட்டையில் 3 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். க 6; த, ப, ம ஐந்தைந்து; ட, ர, ல, வ நான்கு; ச, ய, ன மூன்று; ண, ந, ற, ள, ழ, ங இரண்டு; ஞ ஒன்று. உயிரெழுத்தில் அ, இ இரண்டு. ஆ, ஈ, உ, ஊ, எ, ஏ, ஒ ஒவ்வொன்று. உயிர் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும் என்பதால் அதைக் குறைத்திருக்கிறோம். நிறையப் போட்டால் கையில் தேங்கும். ட, ண, ள, ழ, ற, ன தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதும் ஆடும்போதே பேத்திக்குப் பிடிபடும். இந்தக் கணக்கு கல்வெட்டு இல்லை, ஒரு வாரம் ஆடிப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதிலே ஒரு குஷி இருக்கிறது. ப, ல என்று இரண்டே வில்லை வைத்தால் பல், பால், பலா, புலி, பாலை எல்லாம் அதிலேயே உண்டு. ஒவ்வொரு கூடுதல் சொல்லுக்கும் ஒரு புள்ளி என்று வையுங்கள். தாத்தா முதலில் வாயைத் திறக்காமல் இருந்தால் பேத்தி நிறையக் கண்டுபிடிப்பாள்.

கன்னடம் படிக்கும் பிள்ளை இன்னொரு இடத்திலும் தயங்கும். அதில் க-வுக்கும் அதன் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, தமிழில் ஒன்றுதான். ‘கல்’லில் ஒரு மாதிரி, ‘அகல்’, ‘சங்கு’ இரண்டிலும் வேறு மாதிரி ஒலிக்கிறதே என்று கேட்பாள். முதலில் வந்தால் வன்மையாக, நடுவில் தனியாக வந்தால் அல்லது மெல்லெழுத்துக்குப் பின்னால் வந்தால் மென்மையாக என்று மூன்று சொல்லைக் காட்டிச் சொன்னால் போதும்.

ல, ள, ழவுக்கு வில்லை உதவாது, காது பழக வேண்டும். படம் வரையக்கூடிய ஜோடிகளாக எடுங்கள்: புலி–புளி, பல்லி–பள்ளி, மலை–மழை, வால்–வாள், தோல்–தோள், தவளை–தவலை. ர, ற வேறுபாட்டுக்குக் கரை–கறை. ஏழு ஜோடி, பதினாலு அட்டை, 6-க்கு 9 செ.மீ. படம் ஒரு பக்கம் மட்டும். சொல்லைப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படம் தெரிய பரப்பி வைத்து, நீங்கள் சொல்லைச் சொன்னதும் அவள் கையால் தட்ட வேண்டும். அவசரத்தில் புளிக்குப் புலியைத் தட்டினால் அட்டை உங்களுக்கு. சொல்கிறவர் நாக்கு சரியாக மடிய வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. வீட்டில் மழையை ‘மளை’ என்று சொல்லும் ஆள் இருந்தால் அவரைத் தட்டும் பக்கம் உட்கார வையுங்கள்.

ஐந்து வயது மகன் தோற்றால் பலகையைத் தட்டிவிடுகிறான். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கலாமா?
– வாசகி, மல்லேஸ்வரம்

ரகசியமாகத் தோற்காதீர்கள். ஐந்து வயதுக்கு அது தெரிந்துவிடும், அப்புறம் ஜெயித்தாலும் நம்ப மாட்டான். வெளிப்படையாக முன்சலுகை கொடுங்கள்: ‘நீ 5-லிருந்து ஆரம்பி, நான் 0-லிருந்து’. நாலு தடவை தொடர்ந்து ஜெயித்தால் 3-லிருந்து என்று குறையும் என முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஜோடி சேர்க்கும் ஆட்டத்தில் சலுகையே வேண்டாம். கவிழ்ந்த படம் இருந்த இடத்தை நினைவில் வைப்பதில் பெரியவர்களைச் சின்னவர்கள் அடிக்கடி முந்திவிடுகிறார்கள். ஆறு ஜோடியில் தொடங்குங்கள். இருபது ஜோடியையும் முதல் நாளே பரப்பினால் சலித்துவிடும்.

கொஞ்ச நாளைக்கு எல்லோரும் ஒரே கட்சியாக ஆடும் ஆட்டமும் நல்லது. ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ‘ஒப்ஸ்ட்கார்ட்டன்’ என்ற பழத்தோப்பு ஆட்டம் இந்த வகையில் பெயர் பெற்றது. அதன் சிறுபிள்ளைப் பதிப்பில் நாலு மரம், மரத்துக்கு நாலு பழம், எதிராளி ஓர் அண்டங்காக்கை. அதே மாதிரி வீட்டில் செய்யலாம். நாலு நிறத்தில் நந்நாலு பாட்டில் மூடி: மஞ்சள் மாம்பழம், பச்சைக் கொய்யா, ஊதா நாவல், சிவப்பு மாதுளை. காகம் நடக்க ஐந்து அட்டை. 3 செ.மீ. மரக்கட்டைப் பகடையில் நாலு நிறம், ஒரு காகம், ஒரு கூடை. நிறம் விழுந்தால் அந்தப் பழம் ஒன்று கூடைக்கு. காகம் விழுந்தால் அது ஓர் அட்டை முன்னே வரும். கூடை விழுந்தால் இஷ்டப்பட்ட பழம் ஒன்று. காகம் ஐந்து அட்டையும் கடந்து தோப்புக்குள் வருவதற்குள் எல்லாம் பறித்தால் எல்லோரும் ஜெயித்தோம்.

ஆட்டத்தில் ஒரே முடிவுதான் பிள்ளை கையில், கூடை விழும்போது எதைப் பறிப்பது என்பது. பிள்ளைகள் முதலில் பிடித்த பழத்தை, அல்லது கடைசிப் பழம் மிச்சமிருக்கும் மரத்தைக் காலி செய்யப் பார்ப்பார்கள். அதுதான் வினை. காலியான மரத்தின் நிறம் மறுபடி விழுந்தால் அந்த உருட்டு வீண். அதிகப் பழம் மிச்சமுள்ள மரத்தில் பறித்தால் நாலு நிறமும் கடைசிவரை பயன்படும். இதை நீங்கள் சொல்லாமல் சில ஆட்டம் பொறுங்கள். காகம் ரொம்பத் தோற்றால் அட்டையை நாலாகக் குறையுங்கள், ரொம்ப ஜெயித்தால் ஆறாக்குங்கள்.

தூங்கப் போகும் நேரத்தில் போட்டி ஆட்டம் வேண்டாம். பாதிச் சண்டை தோல்வியால் வருவதில்லை, தூக்கக் கலக்கத்தால் வருகிறது.

பல்லாங்குழி சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எளிய விதி இருக்கிறதா? பலகை இல்லை.
– வாசகர், ஸ்ரீராமபுரம்

முப்பது முட்டை அட்டையிலிருந்து இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு குழி வெட்டிக்கொள்ளுங்கள். குழிக்கு மூன்று புளியங்கொட்டை, மொத்தம் 24. முழுப் பலகையில் 14 குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 காய். அதை ஏழு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் விதி இவ்வளவுதான். தன் பக்கத்தில் ஒரு குழியை வழித்து எடுத்து, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை வழித்துத் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், ஆட்டம் எதிராளிக்கு. இரண்டு குழி தொடர்ந்து வெறுமை என்றால் ஒன்றும் கிடையாது. இது பழகியபின் ‘பசு’வைச் சேருங்கள்: ஒரு குழியில் சரியாக நாலு சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். மூன்றில் தொடங்குவதால் பசு முதல் சுற்றிலேயே நிறைய விழும், பிள்ளைகளுக்கு உற்சாகம். கவனிக்காமல் ஐந்தாகிவிட்டால் போச்சு என்று கறாராக இருங்கள், கண் பலகையை விட்டு அகலாது.

பிழை வழக்கமாக இரண்டு இடத்தில். மூலைத் திருப்பத்தில் ஒரு குழியைத் தாண்டிவிடுவார்கள். ஈரக் கையில் இரண்டு கொட்டை ஒட்டிக்கொண்டு ஒரே குழியில் விழும். ஆறு வயதாகிவிட்டால், வழிக்கும் முன் ‘கை எங்கே காலியாகும்?’ என்று கேளுங்கள். நாலு கொட்டை என்றால் நாலாவது குழி. ஆட்டத்துக்கு ஒரு தடவை கேட்டால் போதும், ஒவ்வொரு முறையும் கேட்டால் அது கணக்கு வகுப்பாகிவிடும்.

எட்டு வயதும் நாலு வயதும் சேர்ந்து ஆட ஒரே ஒரு விளையாட்டு வாங்கலாம் என்றால் எது?
– வாசகி, பன்னார்கட்டா சாலை

டாபிள். 55 வட்ட அட்டை, அட்டைக்கு எட்டுப் படம், எந்த இரண்டை எடுத்தாலும் பொதுவாக ஒரே ஒரு படம் இருக்கும். அதை முதலில் கண்டு பெயர் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிய வேண்டாம், ஒரு சுற்று ஐந்து நிமிடம். படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால்தான் செல்லும் என்றால் அண்ணன்–தங்கை வித்தியாசம் பாதி குறையும், பெரியவன்தான் அதிகம் திணறுவான். வேகம் தங்கைக்கு ஒத்துவராவிட்டால் அட்டைகளைத் திறந்தே வைத்து முறை போட்டு ஆடட்டும். ஆறு படம் மட்டும் உள்ள சிறுபிள்ளைப் பதிப்பும் உண்டு. கடையில் இரண்டும் இருந்தால் அதை எடுங்கள்.

வீட்டில் செய்த பலகை மழைக்காலத்தில் வளைந்துவிடுகிறது. லாமினேட் செய்தால் பளபளத்து எண் தெரியவில்லை.
– வாசகர், கே.ஆர். புரம்

ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டினால் வளையத்தான் செய்யும்; பசை உலரும்போது அந்தப் பக்கம் இழுக்கும். பின்பக்கமும் அதே தடிமனில் ஒரு காகிதம் ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். லாமினேஷன் கடையில் மேட் ஃபிலிம் என்று கேளுங்கள், பளபளக்காது. அவென்யூ ரோட்டுக் காகிதக் கடைகளில் 5 மி.மீ. ஃபோம் போர்டு கிடைக்கும். அதில் ஒட்டினால் எடை குறைவு, வளைவும் குறைவு. மடிக்க வேண்டுமானால் இரண்டு துண்டாக வெட்டி, பின்பக்கம் துணி டேப் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒட்டினால் மடிப்பில் காய் நிற்காது.